நீயும் சிரிச்சியே அம்மா!

ஆடிப் பதினெட்டு வந்துவிட்டால் காளப்பநாயக்கன்பட்டிக்குத் தூக்கம் ஏது? விடிவதற்கு முன்பே வேனும் பஸ்ஸுமாகக் காரவள்ளியை நோக்கிக் கிளம்பிவிடும். அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிக் கொல்லிமலை, அறப்பளீஸ்வரர் தரிசனம், ஆகாய கங்கையில் குளியல். இறங்கும்போது ஆளுக்கொரு அன்னாசிப் பழம்.

நானும் சாமி கும்பிடத்தான் போயிருந்தேன். ஆனால் மலையிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம், என் நாத்தனார் வீட்டுத் திண்ணையில் கேட்ட ஒரு விஷயம் இன்னும் மனசைவிட்டுப் போகவில்லை.

பக்கத்து வீட்டு அம்மாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கொஞ்சம் மரவள்ளிக் காடு. கணவர் லாரி ஓட்டுகிறார். ஒரே பையன், வெளியூரில் காலேஜ் படிக்கிறான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அடையாளங்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

"நீங்க பத்திரிகையில எழுதறவங்களாமுங்க. ஒண்ணு கேக்கோணும். ஆம்பளைப் பையனுக்கு ஆம்பளை மேலயே ஆசை வருதுன்னா, அது நோயிங்களா?"

சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை. அவரே மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.

அவர்கள் சொந்தபந்தத்துக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு. பங்காளிகள், மாமன் மச்சான், சம்பந்தி எல்லோரும் அதில் உண்டு. காலையில் சாமி படம், நடுவில் கல்யாணப் பத்திரிகை, துக்கச் செய்தி. நம் எல்லோர் வீட்டுப் போனிலும் இருப்பதுதான். ஆனி மாசத்தில் ஒரு நாள் அதில் யாரோ இவர் மகனின் படத்தைப் போட்டுவிட்டார்கள். சென்னையில் 2009 முதல் நடந்துவரும் வானவில் பேரணியில் பையன் நிற்கிற படம். அவ்வளவுதான். ராத்திரி பத்து மணிக்குள் அறுபது, எழுபது பதில். "குடும்ப மானம் போச்சு" என்றார் ஒருவர். "கட்டி வெச்சு நாலு போட்டாச் சரியாயிரும்" என்றார் இன்னொருவர். மற்றதெல்லாம் இங்கே எழுதுகிற மாதிரி இல்லை.

மறுநாள் பையன் போன் செய்து உண்மையைச் சொல்லிவிட்டான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிருந்தே தன் மனசு இப்படித்தான் என்றான். அம்மா அழுதுகொண்டே, "எங்கிட்ட ஏன்டா முன்னாலயே சொல்லல?" என்று கேட்டிருக்கிறார்.

"எப்படிம்மா சொல்றது? போன தீபாவளிக்குப் பெரியப்பா ஒரு வீடியோ போட்டாரே, ரெண்டு ஆம்பளைங்களைக் கேலி பண்ணி. அதுக்குக் கீழ நீயும் சிரிச்சியே அம்மா!"

சொல்லிவிட்டு அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரு மஞ்ச மூஞ்சிப் பொம்மைங்க. கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சிரிக்குமே, அதைத் தட்டி உட்டேன். எல்லாரும் தட்டுனாங்க, நானும் தட்டுனேன். அன்னிக்கே என்ற பையன் மனசுல கதவைச் சாத்திக்கிட்டானுங்க."

சகோதரிகளே, இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

நோயா? வளர்ப்பா?

ஆணுக்கு ஆண் மீதோ, பெண்ணுக்குப் பெண் மீதோ ஏற்படும் ஈர்ப்பைத் தன்பாலீர்ப்பு என்கிறார்கள். திருநங்கை, திருநம்பி என்பது வேறு. அது, தன்னை ஆணாக உணர்கிறோமா, பெண்ணாக உணர்கிறோமா என்பதைப் பற்றியது. இது, மனசு யார் பக்கம் சாய்கிறது என்பதைப் பற்றியது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்றே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் இது நோயல்ல என்று 2018இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அம்மா செல்லம் கொடுத்ததாலோ, அப்பா அடித்ததாலோ, கெட்ட சகவாசத்தாலோ வருவதில்லை. ஆகவே, "நான் எங்கே தப்புப் பண்ணினேன்?" என்று எந்தத் தாயும் தன்னைத் தானே குத்திக்கொள்ள வேண்டியதில்லை.

நோயே இல்லையென்றால் மருந்து எதற்கு? 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று மாத்திரை கொடுப்பவர்களும், கரண்ட் வைப்பவர்களும், தாயத்துக் கட்டுபவர்களும் இன்னும் இருக்கிறார்கள். இப்படி 'மாற்றும் சிகிச்சை' செய்வது டாக்டரின் தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதிவிட்டது. பணம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். 'என்னைப் பெற்றவர்களுக்கே நான் வேண்டாதவன்' என்ற எண்ணம் பிள்ளையின் மனசில் பதிந்துவிடுகிறதே, அதற்கு எந்த டாக்டரிடம் போவது?

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளைக்காரன் 1860இல் எழுதிவைத்த 377ஆம் பிரிவு இதைக் குற்றம் என்றது. வயது வந்த இருவர் மனமொத்து இருப்பது குற்றமில்லை என்று 2018 செப்டம்பர் 6 அன்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டத்தில் அந்தப் பிரிவே கிடையாது. ஆனால், இவர்களின் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர 2023 அக்டோபர் 17 அன்று சுப்ரீம் கோர்ட் மறுத்துவிட்டது.

பாடம் படித்த நீதிபதி

"படிக்காத எனக்கு இதெல்லாம் எப்படிங்க புரியும்?" என்றார் அந்த அம்மாள். புரியாமல் இருப்பது குற்றமில்லை. புரிந்துகொள்ள மறுப்பதுதான் தப்பு. இதைச் சொன்னபோது நம் சென்னை ஹைகோர்ட்டில் நடந்த ஒரு வழக்கும் எனக்கு நினைவுக்கு வந்தது.

2021இல், ஒருவரையொருவர் நேசித்த இரண்டு இளம்பெண்கள் மதுரையிலிருந்து கிளம்பிச் சென்னைக்கு வந்துவிட்டார்கள். பெற்றவர்கள் "பெண்ணைக் காணோம்" என்று போலீசில் புகார் கொடுத்தார்கள். பாதுகாப்புக் கேட்டுப் பெண்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது. அவர் அந்தப் பெண்களையும் அவர்களைப் பெற்றவர்களையும் மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். பிறகு தானும் அதே ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து பாடம் கேட்டார்! இந்த விஷயம் தனக்கே முழுசாகப் புரியவில்லை, தன் வார்த்தைகள் மூளையிலிருந்து அல்ல, மனசிலிருந்து வரவேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

2021 ஜூன் 7 அன்று உத்தரவு வந்தது. இவர்களை 'குணப்படுத்துகிறேன்' என்று யாரும் கிளம்பக் கூடாது. பெற்றோர், பள்ளிக்கூடம், போலீஸ் எல்லோருக்கும் விழிப்புணர்வு வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. அதைத் தொடர்ந்து தமிழக அரசு 2022இல் காவலர் நடத்தை விதியில் திருத்தம் செய்து, இவர்களைப் போலீசார் துன்புறுத்தக் கூடாது என்று சேர்த்தது. இவர்களைக் குறிக்க மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியலையும் அதே வருஷம் அரசிதழில் வெளியிட்டது.

ஒரு ஹைகோர்ட் நீதிபதியே "எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்கிறேன்" என்று சொல்லும்போது நாம் சொன்னால் என்ன குறைந்துபோகும்?

தாயாகவும் நீதிபதியாகவும் இருந்த ஒருவரையும் சொல்ல வேண்டும். லீலா சேத், 1991இல் இமாசலப் பிரதேச ஹைகோர்ட்டின் தலைமை நீதிபதியானவர். நம் நாட்டில் ஒரு மாநில ஹைகோர்ட்டுக்குத் தலைமை நீதிபதியான முதல் பெண்மணி. நாவலாசிரியர் விக்ரம் சேத் அவருடைய மூத்த மகன். 377ஆம் பிரிவு செல்லும் என்று 2013 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சொன்னபோது, அடுத்த மாதமே அந்த 83 வயதுத் தாய், தன் மகனைக் குற்றவாளி என்று சொல்லும் சட்டம் நியாயமா என்று பத்திரிகையில் எழுதினார். 2018 தீர்ப்பைப் பார்க்க அவர் இல்லை. 2017இல் காலமாகிவிட்டார். எல்லாப் பெற்றோரும் லீலா சேத் போல இருந்துவிடுவதில்லை என்பதை 2025 மே மாதம் சென்னை ஹைகோர்ட் ஒரு வழக்கில் நினைவுபடுத்தியது. 25 வயதுப் பெண்ணை அவளுடைய தோழியிடமிருந்து பிரித்துக் குடும்பத்தார் அடைத்து வைத்திருந்த வழக்கு அது. அவள் இஷ்டம்போல வாழலாம் என்று கோர்ட் அவளை விடுவித்தது.

முகம் தெரியாத கூட்டம்

அந்தக் காலத்து ஊர்ப்பேச்சு குழாயடியோடு, டீக்கடையோடு முடிந்துவிடும். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் நிம்மதி. இப்போது பேச்சு போர்வைக்குள்ளேயே வருகிறது. திட்டுகிறவர் யார், எந்த ஊர் என்று தெரியாது. பொய்ப் பெயர், பொய்ப் படம். ஒருவர் கல்லெறிந்தால் ஆயிரம் பேர் எறிகிறார்கள்.

2023 நவம்பரில் மத்தியப் பிரதேசம் உஜ்ஜயினியில் ஒரு 16 வயதுப் பிள்ளை, மேக்கப் கலையில் கெட்டிக்காரப் பிள்ளை, தீபாவளிக்குச் சேலை உடுத்தி இன்ஸ்டாகிராமில் ஒரு வீடியோ போட்டது. அதற்குக் கீழே வசவுகள் மலைபோலக் குவிந்தன. சில நாட்களில் அந்தப் பிள்ளையை இழந்து தவித்தார் அதன் தாய். எழுதியவர்களில் பெரும்பாலோர் அந்தப் பிள்ளையை நேரில் பார்த்தவர்கள்கூட இல்லை.

"அப்படின்னா அந்தப் போனைப் பிடுங்கி வெச்சரட்டுங்களா?" என்று கேட்டார் அந்த அம்மாள். கூடாது! அதே போனில்தான், "நீ தனி ஆள் இல்லை, எங்களைப் போல நிறையப் பேர் இருக்கிறோம்" என்று சொன்ன நண்பர்களும் அவனுக்குக் கிடைத்தார்கள். சின்ன ஊரில் பிறந்த பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

அம்மாக்கள் என்ன செய்யலாம்?

1. கேலி வீடியோ வந்தால் சிரிக்காதீர்கள், மற்றவருக்கு அனுப்பாதீர்கள். உங்கள் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. "இது எனக்குப் பிடிக்கலை" என்று ஒரு வரி எழுதினால், பிள்ளைகள் அதையும் பார்ப்பார்கள்.

2. பிள்ளை வாய் திறந்து சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். என்ன சொல்வதென்று தெரியாவிட்டால், "எனக்குப் புரிய நாளாகும் கண்ணு. ஆனா நீ என் பிள்ளைதான்" என்று சொன்னால் போதும். அழுகை வந்தால் அழுங்கள், அடிக்காதீர்கள். அவன் அனுமதி இல்லாமல் வேறு யாரிடமும், அப்பாவிடம்கூட, அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள்.

3. வசவோ மிரட்டலோ வந்தால் பதிலுக்குப் பதில் எழுத வேண்டாம். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த ஆளை 'பிளாக்' செய்துவிட்டு, அந்தச் செயலியிலேயே புகார் கொடுங்கள். அவசரத்தில் அழித்துவிட்டால் சாட்சி போய்விடும்.

4. படத்தை ஆபாசமாக மாற்றிப் போட்டாலும், "வீட்டில் சொல்லிவிடுவேன்" என்று பணம் கேட்டு மிரட்டினாலும் சைபர் கிரைம் போலீசில் புகார் செய்யுங்கள். தேசிய உதவி எண் 1930. வீட்டில் ஏற்கெனவே தெரியும், வீடு துணைக்கு நிற்கும் என்று தெரிந்தால், மிரட்டுகிறவனுக்கு ஏது பலம்?

5. "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாப் போயிரும்" என்பார்கள். ஆகாது. இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்து பாழாகும். அதுவே நம் பெண்ணாக இருந்தால் பொறுப்போமா?

6. பிள்ளை சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் ஒதுங்கினால் அசட்டையாக இருக்காதீர்கள். தனியே விடாதீர்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். இரவு பகல் எந்நேரமும், இலவசமாக. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 1098. ஆலோசகரிடம் அழைத்துப் போவது பிள்ளையை மாற்றுவதற்காக அல்ல, அதன் மனப்பாரத்தை இறக்கி வைப்பதற்காக.

7. உங்களுக்கும் பேச்சுத் துணை வேண்டும் அல்லவா? சென்னையில் 'ஓரினம்' என்ற குழு இருக்கிறது. 'ஸ்வீகார்' என்று இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோரே சேர்ந்து நடத்தும் அமைப்பும் இருக்கிறது. 2023 ஏப்ரலில் 400க்கும் மேற்பட்ட பெற்றோர் அதன் மூலம் சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதிக்குக் கடிதமே எழுதினார்கள். நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை.

காளப்பநாயக்கன்பட்டி அம்மாளிடமிருந்து ஐப்பசியில் எனக்குப் போன் வந்தது. "அந்தக் குழுவுல ஒண்ணு எழுதிப்போட்டேனுங்க. என்ற பையனப் பத்திப் பேசறதுன்னா வீட்டுக்கு வந்து எங்கிட்டப் பேசுங்க, போன்ல பேசாதீங்கன்னு. ரெண்டு நாள் ஒருத்தரும் மூச்சு உடலைங்க. அப்புறம் என்ற சின்ன நங்கை மட்டும் கூப்ட்டு, 'பையன் நல்லா இருக்கறானா'ன்னு கேட்டாங்க."

"வீட்டுக்காரர்?" என்றேன்.

"அவரு இன்னும் அவன்கிட்ட நேராப் பேசறதில்லைங்க. ஆனா லோடு ஏத்திக்கிட்டு எந்த ஊர்ல நின்னாலும் ராத்திரி எனக்குப் போன் பண்ணி, 'அவன் சாப்பிட்டானாமா?'ன்னு கேட்டுப்போட்டுத்தான் வெக்கறாருங்க."

தீபாவளிக்குப் பையன் ஊருக்கு வந்திருந்தானாம். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து முறுக்குச் சுட்டார்களாம். அவன் நெடுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தான் என்று சொல்லும்போது அந்த அம்மாளின் குரல் கம்மியது.

நாளைக் காலையில் உங்கள் போனிலும் ஏதாவது ஒரு கேலி வரும். விரல் அந்த மஞ்சள் பொம்மை மேல் போகும்போது, சகோதரி, ஒரு நிமிஷம் நிதானியுங்கள். அடுத்த அறையில் உங்கள் பிள்ளையும் அதே குழுவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.