ஒன்பது குண்டும் ஒரு காகிதமும்

அமெரிக்காவின் தென் கரோலினா கடலோரத் தாழ்நிலத்தில் மான் வேட்டை என்றாலே நாய்தான். விடிகாலையில் சதுப்புக் காட்டுக்குள் வேட்டைநாய்களை அவிழ்த்துவிட்டு, ஆளுக்கொரு திசையில் ஷாட்கன்னோடு காத்து நிற்பார்கள். குரைப்பு நெருங்கும், புதர் விலகும், வெள்ளைவால் மான் பாய்ந்து கடக்கும். கிடைப்பது ஓரிரு நொடி. சமதரையில் ரைஃபிள் குண்டு வெகுதூரம் போய் யார்மீதாவது படக்கூடும். அதனால்தான் அங்கே பக்‌ஷாட்: ஒரே தோட்டாவில் பல ஈயக் குண்டுகள். குறி தவறியவரின் சட்டை நுனியை வெட்டி எடுப்பது அவர்களின் பழைய வழக்கம்.

முன்பெல்லாம் தோட்டாவின் கூடு காகிதம். ஈரம் பட்டால் உப்பிக்கொண்டு துப்பாக்கிக்குள் நுழைய மறுக்கும். உள்ளே வெடிமருந்து, அதன்மேல் கம்பளி அடைப்பு, அதற்கும் மேல் வெறும் ஈயக் குண்டுகள். 'டபுள் ஆட்' ரகத்தில் 12 போர் குழலுக்கான தோட்டாவில் வழக்கமாக 9 குண்டு. ஒவ்வொன்றின் விட்டமும் 0.33 அங்குலம். சுட்டதும் பின்வரிசை முன்வரிசையை நெருக்கும். ஓரத்துக் குண்டுகள் குழலில் உரசும். நசுங்கிய குண்டு நேரே போகாது. கஜத்துக்கு ஓர் அங்குலம் விரியும் என்பது பழைய வேட்டைக்காரர் கணக்கு. 40 கஜத்தில் அது 40 அங்குலம். மானின் நெஞ்சறையோ ஏறத்தாழ 10 அங்குலம்தான். ஒன்றிரண்டு குண்டு வயிற்றில் பட்டால், மான் ஓடிப்போய் எங்கோ கிடந்து துடித்துச் சாகும்.

1960இல் ரெமிங்டன் நிறுவனம் பிளாஸ்டிக் கூட்டைக் கொண்டுவந்தது. ஈரக் கவலை தீர்ந்தது. பிறகு ஈயம் கடினமானது, செம்புப் பூச்சு ஏறியது. இன்றைய நல்ல தோட்டா ஒன்றைப் பிளந்தால் குண்டுகளோடு வெள்ளைப் பிளாஸ்டிக் தூளும் உப்பைப்போல் கொட்டும். குண்டுகள் ஒன்றையொன்று நசுக்காமல் தாங்குவது அந்தத் தூள். ஃபெடரல் நிறுவனத்தின் ஃபிளைட்கன்ட்ரோல் தோட்டாவில் குண்டுகளைச் சுமக்கும் கிண்ணம் குழலைத் தாண்டியும் சற்று தூரம் கூடவே பறந்து, பின்புறச் சிறகுகள் விரிந்து வேகம் குறைந்த பிறகே அவற்றைப் பிரியவிடுகிறது.

ஆனால் எந்தத் தோட்டா நல்லது என்பதை அட்டைப்பெட்டி சொல்லிவிடாது. ஒரே துப்பாக்கியில் ஒரு ரகம் கூடி விழும், இன்னொன்று சிதறும். குழல்முனையை இறுக்கும் சோக் பெரிய குண்டுகளுக்குப் பல நேரம் கெடுதலே செய்யும். 27 சிறு குண்டுகள் கொண்ட நாலாம் எண் ரகம் எண்ணிக்கையில் மயக்கும். ஆழமாகத் துளைப்பதில் பின்தங்கும். ஆகவே பெரிய காகிதத்தில் 10 அங்குல வட்டம் வரைந்து 20, 30, 40 கஜத்தில் சுட்டு, உள்ளே விழுந்த துளைகளை எண்ணிப் பார்ப்பதே வழி.

தோட்டா எவ்வளவு மாறினாலும் உருண்டைக் குண்டு காற்றில் சீக்கிரம் வேகம் இழப்பது மாறவில்லை. கூடி விழும் குண்டுகளை நம்பித் தொலைவைக் கூட்டுவது மானுக்குச் செய்யும் அநியாயம். 30 கஜத்துக்கு மேல் துளைகள் வட்டத்தை விட்டு விலகுவதைக் கண்டவர், 45 கஜத்தில் எவ்வளவு பெரிய கொம்பு வந்து நின்றாலும் துப்பாக்கியைத் தாழ்த்த வேண்டும்.