ஒரே நாளில் ஊரே வீடு மாறுகிறது!

அமெரிக்காவில் பாஸ்டன் நகரம் கல்லூரிகளுக்குப் பேர்போனது. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஹார்வர்டு கல்லூரி 1636–ல் தொடங்கியது.

இங்கே வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் செப்டம்பர் 1–ந் தேதிதான் ஆரம்பம். அதனால் மாணவ–மாணவிகள் ஒரே நாளில் வீடு மாறுவார்கள். தெருவெல்லாம் லாரி!

பழைய வீட்டை முதல் நாளே காலி செய்யவேண்டும். புது வீட்டுச் சாவியோ மறுநாள்தான் கிடைக்கும். அந்த ஓர் இரவு எங்கே போவது? நண்பன் வீட்டுக் கூடத்தில் படுப்பவர் உண்டு. லாரியிலேயே மெத்தையை விரித்துத் தூங்குபவரும் உண்டு. வாடகை கட்டியும் வீடு இல்லை!

தெருவில் கிறிஸ்துமஸ்

ஆல்ஸ்டன் என்ற பகுதியில் வேடிக்கை அதிகம். வேண்டாத சோபா, மேஜை, விளக்கு எல்லாம் நடைபாதையில் கிடக்கும். வேண்டியவர் தூக்கிக்கொண்டு போகலாம். இதற்கு "ஆல்ஸ்டன் கிறிஸ்துமஸ்" என்று பெயர். கையில் காசு இல்லாத மாணவனுக்கு இது பெரிய உதவிதான். ஆனால், மெத்தையை மட்டும் தொடக்கூடாது. மூட்டைப்பூச்சியும் இலவசமாக வரும்!

லாரியின் தலை போச்சு!

ஆற்றோரமாக ஸ்டாரோ டிரைவ் என்று ஒரு சாலை. 1951–ல் திறந்தது. கார் மட்டுமே போகலாம். காரணம், குறுக்கே உள்ள பாலங்கள் தாழ்வானவை. சில இடங்களில் 10 அடி உயரம்தான். பலகையில் பெரிதாக எழுதியிருக்கிறது. படிப்பதற்காகவே ஊருக்கு வந்த பிள்ளைகள் அதை மட்டும் படிப்பதில்லை!

வாடகை லாரியை முதன்முதலாக ஓட்டும் மாணவன் நேரே போய்ப் பாலத்தில் முட்டுகிறான். தகர டப்பாவைத் திறந்ததுபோலக் கூரை உரிந்துவிடுகிறது. இது அடிக்கடி நடப்பதால், "லாரி ஸ்டாரோ ஆகிவிட்டது" என்றே ஊரார் சொல்கிறார்கள்.

கூரைச் சேதத்துக்குச் சாதாரண இன்சூரன்சில் பெரும்பாலும் பணம் கிடைக்காது. உடனே ஊரில் இருக்கும் அப்பாவுக்கு டெலிபோன் போகிறது!