சென்னையில் தனியார் துறை வேலைவாய்ப்பும் ஊதிய வேறுபாடும்

சென்னையில் தனியார் துறை வேலைகளின் தன்மையும் ஊதியமும் பகுதிக்குப் பகுதி வேறுபடுகின்றன. வடசென்னை ஆலைத் தொழிலைச் சார்ந்து வளர்ந்தது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய தென், மையப் பகுதிகள் வணிகத்தையும் சேவைத் துறைகளையும் சார்ந்தவை.

வரலாறு

பெரம்பூரில் இயங்கிய பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் பல தலைமுறைகளுக்கு வேலை அளித்து, 1996இல் மூடப்பட்டன. இவ்வாலைத் தொழிலாளரைக் கொண்டே 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் பி. பி. வாடியா, அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர். ஆலைகளில் உருவான சங்க மரபு தென்பகுதியின் கடைகளுக்கு அந்த அளவில் பரவவில்லை. சிறு சிறு நிறுவனங்களில் சிதறிக் கிடக்கும் ஊழியரை ஒன்றுசேர்ப்பது எளிதன்று.

தியாகராய நகர்

பிட்டி தியாகராயரின் பெயர் தாங்கிய இப்பகுதி 1920களில் குடியிருப்பாக அமைக்கப்பட்டது. பின்னர் ரங்கநாதன் தெரு, உஸ்மான் சாலை ஆகியவற்றைச் சுற்றித் துணி, நகை, பாத்திர வணிகம் பெருகியது. பெரிய கடைகளின் விற்பனை ஊழியரில் பலர் தென் மாவட்டங்களிலிருந்து வந்த இளைஞர்கள். உணவும் தங்குமிடமும் கடை உரிமையாளரே தருவது இங்கு வழக்கம். 2010இல் வெளிவந்த அங்காடித் தெரு திரைப்படம் இவ்வாழ்க்கையைக் கதைக்களமாகக் கொண்டது.

தங்குமிடம் கிடைப்பதால் குறைந்த சம்பளம் பெரிதாகத் தோன்றலாம். ஆனால் 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், தங்குமிடத்தின் மதிப்பை ஊதியத்தில் சேர்க்கவில்லை. அதாவது, தங்க இடம் கொடுத்ததைக் காட்டிக் குறைந்தபட்ச ஊதியத்தைக் குறைக்க இயலாது. இச்சட்டத்திற்கு மாற்றாக 2019இல் நிறைவேற்றப்பட்ட ஊதியச் சட்டத்தொகுப்பின் வரையறையும் தங்குமிட மதிப்பை விலக்கியே வைக்கிறது. வேலைக்குச் சேரும் இளைஞருக்கு இதை யாரும் சொல்வதில்லை என்பதே சிக்கல்.

நாள் முழுதும் நின்றுகொண்டே வேலை செய்வது மற்றொரு குறை. கேரளம் 2018இல் செய்ததைப் பின்பற்றி, தமிழ்நாடு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் (1947) திருத்தி, ஊழியருக்கு இருக்கை அளிப்பதைக் கட்டாயமாக்கியது.

அடையாறும் தெற்கும்

2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டபின், பழைய மகாபலிபுரம் சாலை நெடுகத் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் வந்தன. அடையாறு, திருவான்மியூர் பகுதிகளில் வீட்டு வாடகையும் உயர்ந்தது. மென்பொருள் ஊழியரின் சம்பளம் சந்தையால் முடிவாகிறது. அதே கட்டடத்தைக் காவல் காப்பவரும் துப்புரவு செய்பவரும் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். அவர்களது ஊதியம் அரசின் குறைந்தபட்ச அளவை ஒட்டியே நிற்கிறது. ஆகவே ஊதிய இடைவெளி ஊர்களுக்கு இடையில் மட்டுமன்றி ஒரே மின்தூக்கியில் செல்வோரிடையேயும் உள்ளது.

மயிலாப்பூரில் இத்தகைய பெரும் மாற்றம் இல்லை. கோயிலைச் சுற்றிய சிறு கடைகள், உணவகங்கள், மருத்துவமனைகள், கணக்காயர் அலுவலகங்கள் ஆகியவையே அங்கு மிகுதி.

அகவிலைப்படி

தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியம் அடிப்படை ஊதியம், அகவிலைப்படி என இரு பகுதிகளைக் கொண்டது. அகவிலைப்படி சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணோடு இணைக்கப்பட்டது. எனவே திருநெல்வேலியில் வேலை செய்பவரின் படியும் சென்னையின் விலைவாசியைப் பின்தொடர்ந்தே உயர்கிறது.

அளவிடும் முறை

ஊதியத்தை ஒப்பிடுகையில் சராசரியை மட்டும் நம்பக் கூடாது. கற்பனையாக, ஒரு தெருவில் ஒன்பது பேர் மாதம் 12,000 ரூபாயும் ஒருவர் 1,20,000 ரூபாயும் பெறுவதாகக் கொள்வோம். சராசரி 22,800 ரூபாய். அத்தொகையைப் பெறுபவர் அங்கு ஒருவரும் இல்லை. இடைநிலை அளவோ 12,000 தான். மேலும், 2017இல் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் ஆய்வு போன்றவை மக்களை அவர்கள் வசிக்கும் இடத்தில் கணக்கிடுகின்றன. பெரம்பூரில் வசித்துத் தரமணியில் பணிபுரிபவரின் சம்பளம் பெரம்பூர்க் கணக்கிலேயே சேரும்.