கல்லும் மண்ணும் – 9: உருண்டைப் பாறைகளும் ஆப்புக் குழிகளும்

மாமல்லபுரத்தில் கடலுக்குச் சற்று மேற்கே, கரையோடு இணையாக வடக்கு தெற்காக ஒரு தாழ்ந்த பாறைக் குன்று ஓடுகிறது. குன்றின் மேலும் சரிவிலும் அதைச் சுற்றிய மணலிலும் உருண்டைப் பாறைகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் பல இயற்கை விட்டபடியே இருக்கின்றன. சில நேர்கோட்டில் பிளந்திருக்கின்றன. வேறு சில கோயிலாகவும் யானையாகவும் சிங்கமாகவும் ஆகிவிட்டன. வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கடைசி வகையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கல்வேலை எப்படி நடந்தது என்று அறிய விரும்புகிறவருக்கோ பிளந்து விட்டதும் பாதியில் நின்றதும்தான் முக்கியம்.

பாறை உருண்டையாவது வெயிலில் அல்ல, பெரும்பாலும் மண்ணுக்கு அடியில். கருங்கல் திரளில் குறுக்கும் நெடுக்குமாக இயற்கையான விரிசல்கள் உண்டு. மழைநீர் அவற்றின் வழியே இறங்கிக் கல்லிலுள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமத்தைச் சிறுகச் சிறுகக் களிமண்ணாக மாற்றுகிறது. விரிசல்களுக்கு நடுவே நிற்கும் கட்டியின் மூலையை நீர் மூன்று பக்கமிருந்தும், விளிம்பை இரண்டு பக்கமிருந்தும், முகத்தை ஒரே பக்கமிருந்தும் தாக்குவதால் மூலைதான் முதலில் மழுங்கும். பிறகு மேல்மண் அரித்துப் போகும்போது கெட்டியான உள்கட்டி மட்டும் உருண்டையாக வெளியே வருகிறது. கல்லிலுள்ள இன்னொரு கனிமமான குவார்ட்சு மணலாகிறது. களிமண்ணை ஆறுகள் கிழக்கே கொண்டு போகின்றன.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலுக்கு ஆதாரமான வெள்ளைக் களிமண்ணும் இதே சிதைவில் பிறந்ததுதான். பழைய பாறைகள் கரைந்து வந்த மண், கடலூர் மணற்கல் எனப்படும் படிவங்களில் அடுக்கடுக்காகத் தங்கியது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியோடு சேர்ந்தே அது கிடைக்கிறது. விருத்தாசலம் தொழிற்பேட்டையில் அகல்விளக்கும் கொலு பொம்மையும் மின்சாரப் பீங்கான் சாமான்களும் ஆவது பாறையின் கரைந்த பங்கு. மாமல்லபுரத்தில் நிற்பது கரையாத பங்கு.

அந்தக் கரையாத பங்கில் மிகப் பெயர் பெற்றது கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை. சுமார் 6 மீட்டர் உயரமும் ஏறத்தாழ 250 டன் எடையும் கொண்டதாகக் கணக்கிடப்படும் இந்தக் கல், வழுவழுப்பான சரிவில் சிறிய அடிப்பரப்பைப் பற்றி நிற்கிறது. 1908-ல் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் லாலி, உருண்டுவிடுமோ என்று அஞ்சி யானைகளைக் கட்டி இழுக்கச் செய்தும் அது அசையவில்லை என்று ஒரு கதை வழங்குகிறது. இதைக் கொண்டுவந்து வைத்தவர் யாருமில்லை. சுற்றியிருந்த மண்ணும் சிதைந்த கல்லும் விலகிப் போக, இருந்த இடத்திலேயே அது மிஞ்சியது.

பல்லவர் காலத்துத் தச்சர்கள், அதாவது 7, 8-ஆம் நூற்றாண்டினர், விரிசலின் போக்கை நன்றாக அறிந்தவர்கள். அர்ச்சுனன் தபசு எனப்படும், ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள புடைப்புச் சிற்பத் தொகுதி இரண்டு பாறைகளில் பரவியிருக்கிறது. நடுவிலுள்ள இயற்கைப் பிளவை மறைக்க அவர்கள் முயலவில்லை. அதில் நாகர்களைச் செதுக்கி நீரோட்டமாக்கிவிட்டார்கள். ஐந்து ரதங்களில் தர்மராஜ ரதம், பீம ரதம், அர்ச்சுன ரதம், திரௌபதி ரதம் ஆகிய நான்கும் ஒரே நீள்பாறையிலிருந்து வந்தவை. தெற்கிலிருந்து வடக்கே உயரம் குறைந்துகொண்டே போவதற்குக் காரணம் மூலப்பாறையின் சரிவு. கோயிலின் அளவைக் கல்தான் முடிவு செய்தது.

கல்லைத் துண்டாக்க வேண்டிய இடங்களில் ஆப்புக் குழிகள் தெரிகின்றன. பிளக்க வேண்டிய கோட்டில் உளியால் சிறு சதுரக் குழிகளை வரிசையாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஆப்பை இறுக்கினால், குழிகளை இணைக்கும் கோட்டில் கல் விட்டுக்கொடுக்கும். காய்ந்த மர ஆப்பில் நீர் ஊற்றி ஊதவைத்தார்கள் என்பதே வழிகாட்டிகள் சொல்லும் விளக்கம். அப்படியும் செய்யலாம்தான். ஆனால் இரும்பு ஆப்பைச் சம்மட்டியால் மாற்றி மாற்றி அடித்தே கருங்கல்லைப் பிளக்க முடியும். வெடிமருந்து இல்லாத கல்லுடைப்பில் இன்றும் அதுவே வழக்கம். உடைந்த முகத்தின் விளிம்பில் பாதிப் பாதிக் குழிகள் பல் வரிசைபோல எஞ்சி நிற்கும். பிளவு பிடிக்காமல் கைவிட்ட பாறைகளில் குழிகள் முழுதாகவே கிடக்கின்றன.

குடைவரை வேலை வேறு வகை. முற்றுப்பெறாத குகைகளில் பாறை முகத்தை ஆழமான கோடுகளால் கட்டம் கட்டமாகப் பிரித்து, இடையில் புடைத்து நின்ற கட்டிகளைத் தட்டி எடுத்த தடம் அப்படியே இருக்கிறது. ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த ஆழத்துக்கு மீண்டும் கட்டம். தூண் வர வேண்டிய இடத்தில் சதுரக் கட்டி விடப்பட்டது. ஒற்றைக்கல் ரதங்களில் வேலை மேலிருந்து கீழே இறங்கியது. பீம ரதத்தின் கூரை நேர்த்தியாக முடிந்திருக்க, அடிப்பகுதி கரடுமுரடாக நிற்பது அதனால்தான். ஒவ்வொரு நாளும் மழுங்கும் உளிகளைக் காய்ச்சித் தட்டித் தீட்டக் கொல்லர் உலை பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும். அது இல்லாமல் இந்தக் கல்லில் கை வைக்க முடியாது.

உள்நாட்டில் பழைய தென்னார்க்காட்டுப் பாறைகளிலும் இந்தக் கைவேலை உண்டு. விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயிலின் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இவை இல்லாமல் அது அமைந்ததாகப் பெருமைப்படுகிறது. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் ஒரு பெரும்பாறையில் 24 சமணத் தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசையில் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அங்கே 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்த சந்திரநந்தி ஆசிரியரைக் குறிக்கும் கல்வெட்டும் உண்டு. சமணர் குறைவாகவே வெட்டினார்கள். பாறை இருந்த நிலையே அவர்களுக்குப் பெரிதும் போதுமானதாக இருந்தது.

ஆப்புக் குழியைக் கண்டதும் பல்லவர் காலம் என்று முடிவுகட்டுவது சரியல்ல. கல்வெட்டு எழுத்துக்கும் சிற்பப் பாணிக்கும் காலம் சொல்லலாம். வெறும் குழிக்கு அது கடினம். மாமல்லபுரக் குன்றில் பல்லவருக்குப் பின்னும் கல்வேலை நடந்தது. முடியாமல் நிற்கும் இராய கோபுரம் விஜயநகரக் காலத்தது. ஆங்கிலேயர் எழுப்பிய கலங்கரை விளக்கமும் கருங்கல் கட்டடமே. எனவே பிளந்த பாறைகளைப் படிக்கும்போது குழியின் அளவு, இடைவெளி, உடைந்த முகம் எவ்வளவு கறுத்துத் தேய்ந்திருக்கிறது என்பது, அருகில் முற்றுப்பெறாத வேலை ஏதேனும் உண்டா என்பது ஆகியவற்றைச் சேர்த்தே எடைபோட வேண்டியிருக்கிறது.