அளவுக்குச்சி இல்லாத கியர் பாக்ஸ்: ஆயில் பார்ப்பது எப்படி?

மேட்டூர் தண்ணீர் கல்லணையைத் தாண்டி வாய்க்காலுக்கு வந்துவிட்டால், டெல்டாவில் டிராக்டருக்கு ஓய்வே இல்லை. ஜூன் 12-ம் தேதி அணை திறப்பைக் கணக்கிட்டுத்தான் பலர் குறுவைக்கு நாற்று விடுகிறார்கள். ஆடுதுறை 43 போன்ற 110 நாள் ரகங்களின் நாற்றை 18 முதல் 22 நாட்களுக்குள் நட்டாக வேண்டும். சேற்றுழவின் நடுவே ரோட்டவேட்டரின் கியர் உடைந்து, உதிரி பாகத்துக்காக ஒரு வாரம் காத்திருந்தால் நாற்று முற்றிவிடும், தூர் கட்டுவது குறையும். முறை வைத்து வரும் தண்ணீரும் அடுத்த மடைக்குப் போய்விடும்.

இப்படிப்பட்ட பழுதுகளில் பல, ஆயில் குறைவதாலும் ஆயிலில் தண்ணீர் கலப்பதாலும் வருபவை. இன்ஜின் ஆயிலைத் தினமும் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கிறோம். ஆனால், பல ரோட்டவேட்டர்களின் பக்கவாட்டு கியர் பெட்டியிலும், நான்கு சக்கர இயக்க டிராக்டரின் முன் அச்சு, முன் சக்கர ஹப் ஆகியவற்றிலும் டிப் ஸ்டிக் கிடையாது. அவற்றில் இருப்பது ‘லெவல் போல்ட்’. குச்சி இல்லை என்பதாலேயே இந்த இடங்கள் மறந்துபோகின்றன.

லெவல் போல்ட் சொல்லும் கணக்கு

வண்டியைக் களம் போன்ற சமமான இடத்தில் நிறுத்துங்கள். வரப்பு ஓரத்தில் சாய்ந்து நின்றால் அளவு தவறாகக் காட்டும். ரோட்டவேட்டரைத் தரையில் இறக்கி, பி.டி.ஓ.வை விடுவித்து, இன்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கி நிற்கும் கருவிக்குக் கீழே ஒருபோதும் கை வைக்கக் கூடாது. வேலை முடிந்து வந்தவுடன் பார்க்காமல், சூடு ஆறி ஆயில் கீழே இறங்கிய பின் பாருங்கள். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் பார்ப்பது நல்லது.

முதலில் போல்ட்டைச் சுற்றியுள்ள சேற்றைக் கழுவித் துடையுங்கள். இல்லாவிட்டால், திறக்கும்போது அந்தச் சேறே உள்ளே விழும். பிறகு லெவல் போல்ட்டை மெதுவாகக் கழற்றுங்கள். துளையின் கீழ் விளிம்பு வரை ஆயில் நின்றாலோ, லேசாகக் கசிந்தாலோ அளவு சரி. எதுவும் வராவிட்டால் சுண்டு விரலை உள்ளே விட்டு, கீழ்நோக்கி மடக்கிப் பாருங்கள். ஆயில் தட்டுப்படாவிட்டால் குறைந்திருக்கிறது. மேல் மூடி வழியாக, துளையில் கசியும் வரை ஊற்றி, மிகுதி வடிந்ததும் மூடுங்கள். அதிகமாக ஊற்றினாலும் கெடுதல்தான்: சூடாகி, நுரைத்து, சீல் வழியாக வெளியேறும்.

நிறம் காட்டும் நோய்

டெல்டா வயலில் பெரிய எதிரி தண்ணீர். சூடான கியர் பெட்டி சேற்று நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். அதன் மேல் புது ஆயிலை ஊற்றிப் பயனில்லை. முழுதும் வடித்து, சீலை மாற்றிய பிறகே நிரப்ப வேண்டும்.

சந்தேகம் இருந்தால், இரவு முழுதும் நின்ற வண்டியில், காலையில் அடி வடிகால் போல்ட்டைச் சற்றே தளர்த்துங்கள். பிரிந்து நிற்கும் தண்ணீர் முதலில் சொட்டும். காந்தம் உள்ள போல்ட்டில் மைபோல் சாம்பல் நிறப் பொடி ஒட்டியிருப்பது இயல்பு. கையில் உறுத்தும் இரும்புச் சில்லு இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். காற்றுத் துளை மூடியில் சேறு அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் கூடி சீல் பழுதாகும். அதையும் சுத்தம் செய்யுங்கள்.

எல்லா வண்டிக்கும் ஒரே முறை அல்ல

டிப் ஸ்டிக் இல்லாத ஆட்டோமேட்டிக் கார்களிலும் இதுபோன்ற போல்ட் உண்டு. ஆனால், அவற்றில் பலவற்றுக்கு இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஆயிலும் நிறுவனம் சொன்ன வெப்பநிலையில் இருக்க வேண்டும். ஓட்டம் நின்றால் டார்க் கன்வெர்ட்டரில் இருக்கும் ஆயில் இறங்கி அளவு மாறிவிடும். டிராக்டர் பழக்கத்தில் அதைத் திறக்க வேண்டாம். கியர் மாற்றாமல் ஓடும் நடவு இயந்திரம், பெல்ட் அறுவடை இயந்திரம் ஆகியவற்றின் ஹைட்ரோஸ்டேடிக் அமைப்புக்கும் கையேட்டில் உள்ள முறையே சரி.

ஆயில் ரகத்திலும் கவனம் தேவை. ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள டிராக்டர்களில் பெரும்பாலும் கியருக்கும் பிரேக்குக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான். அதில் கையில் கிடைத்த இன்ஜின் ஆயிலை ஊற்றினால் பிரேக் கெடும். ரோட்டவேட்டருக்கு வேண்டிய கியர் ஆயில் வேறு. வடித்த பழைய ஆயிலை வாய்க்காலில் கொட்டாதீர்கள். கேனில் சேர்த்துப் பழைய ஆயில் வாங்குவோரிடம் கொடுத்துவிடுங்கள்.

வாடகைக்கு வண்டி எடுப்பவர்களும், வயலில் இறக்கும் முன் ‘லெவல் போல்ட் பார்த்தாச்சா?’ என்று ஒரு வார்த்தை கேட்கலாம். பார்க்க ஆவது 10 நிமிடம். பார்க்காமல் விட்டால் போவது நடவுப் பருவம்.