ஆஸ்பத்திரிப் பேய்க்கு ஊர் எது?

நள்ளிரவு, பழைய ஆஸ்பத்திரி, விட்டு விட்டு எரியும் விளக்கு, தள்ள ஆளில்லாமல் நகரும் கட்டில். பேய்ப்படம் எடுப்பவர்களுக்கு இதைவிடச் செலவு குறைந்த களம் கிடைக்காது. அதனால்தான் இந்த வகைப் படங்கள் வந்தபடியே இருக்கின்றன. பலவும் மறுநாள் காலைக்குள் மறந்துபோகின்றன. மறக்காமல் நிற்கும் சிலவற்றில் பேய்க்கு ஓர் ஊர் உண்டு, தீராத ஒரு வழக்கும் உண்டு. 1994இல் லார்ஸ் வான் டிரையர் எடுத்த 'ரீகெட்' என்ற டென்மார்க் தொடரில், லிஃப்டின் அருகே அழும் சிறுமி ஒரு மருத்துவரால் கொல்லப்பட்டவள். 2010இல் வந்த 'ஹாண்டட் சாங்கி', 1997இல் மூடப்பட்ட சிங்கப்பூர் ஆஸ்பத்திரிக்குள் ஜப்பானியர் காலத்து நினைவைத் தேடிப் போகிறது. அங்கெல்லாம் நம்மை நடுங்க வைப்பது அந்த இடத்தில் நடந்த, அல்லது நடந்ததாக ஊர் நம்புகிற அநியாயம்தான்.

இந்தக் கணக்கில் பார்த்தால் மலேசியாவின் மலாக்காத் தோட்டங்களுக்கு யாரிடமும் கதை கடன் வாங்கத் தேவையில்லை. டான் சே யான் என்பவர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசஹானில் பெரிய தோட்டம் எழுந்தது. மலாயாவின் வணிக ரப்பர் மலாக்காவில்தான் தொடங்கியது. ரப்பர் பரவிய இடமெல்லாம் தமிழரும் போனார்கள், மலேரியாவும் கூடவே போனது. மலாக்காவுக்கு அடுத்த நெகிரி செம்பிலான், சிலாங்கூர் உள்ளிட்ட கூட்டு மலாய் மாநிலத் தோட்டங்களில் 1911இல் இந்தியத் தொழிலாளர் ஆயிரம் பேருக்கு அறுபதுக்கும் மேல் இறந்தார்கள். தோட்ட ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் எப்போதும் இருந்தவர் டிரெசர் என்ற மருத்துவ உதவியாளர் ஒருவர்தான். டாக்டர் எப்போதாவது வந்து போவார். ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்புவோமா என்ற அச்சம் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்திருந்தால் அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. சாவுக் கணக்கே அந்த அச்சத்துக்குச் சாட்சி.

பிரசவச் சாவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மலாய்க்காரர் அஞ்சும் பொந்தியானாக், பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணின் ஆவி. 1957இல் அவளைத் திரைக்குக் கொண்டுவந்து நடிகை மரியா மெனாடோவைப் புகழ்பெற வைத்தவர் பி. என். ராவ், அதற்கு முன் தமிழில் 'ரம்பையின் காதல்', 'சாலிவாகனன்' படங்களை இயக்கியவர். தமிழ்நாட்டுக் கிராமங்களிலோ, வயிற்றுப் பிள்ளையோடு இறந்தவளுக்குச் சுமைதாங்கிக் கல் நடும் வழக்கம் இருந்தது. அவள் இறக்கி வைக்க முடியாமல் போன சுமையின் நினைவாக, வழிப்போக்கர் தம் சுமையை அங்கே இறக்கி வைத்தார்கள். ஒரே சாவுக்கு ஓரிடத்தில் பழிவாங்கும் பேய், இன்னோரிடத்தில் பிறர் களைப்பாற ஒரு கல். இரண்டையும் அறிந்து வாழும் மலாக்காத் தமிழருக்கு வெள்ளைப் புடவையும் விரித்த கூந்தலும் மட்டும் எப்படிப் போதும்? ஆனால் நம் தமிழ்ப் பேய்ப்படங்களோ அந்தப் புடவையை விட்டு நகர மறுக்கின்றன!

வரலாறு எதற்கு, எடுக்கிற விதத்தில் எடுத்தால் பயம் தானாக வருமே என்று கேட்கலாம். 2018இன் கொரியப் படம் 'கொஞ்சியாம்' அதற்கு நல்ல சான்று. அதில் வரும் கொடூரங்கள் கற்பனை, படப்பிடிப்பும் வேறு கட்டடத்தில் நடந்தது. ஆனால் அந்தப் பெயரில் ஒரு மனநல மருத்துவமனை உண்மையிலேயே மூடிக் கிடந்தது. அதைச் சுற்றி வதந்திகள் ஏற்கெனவே வளர்ந்திருந்தன. கற்பனையும் அந்த நிலத்தில்தான் வேர்விட்டது. இன்னொரு மறுப்பு கனமானது: இப்படிப்பட்ட படம் சிகிச்சையின் மீதே அவநம்பிக்கையை விதைக்கும், உயிர் காத்த டிரெசர்களையும் கொலைகாரர்களாக்கும் என்பது. நியாயமான கவலை. 1901 முதல் கிள்ளானில் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்துக் கொசுவை ஒடுக்கியபோது மலேரியா குறைந்ததும் அதே மருத்துவத்தின் வேலைதான். ஆகவே திரைக்கதை ஊசியையும் மருந்தையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது. விசாரிக்க வேண்டியது வேறு: பிரசவ வலி எடுத்தவளை எந்த நேரத்தில் கொண்டுவந்தார்கள், லாரி கேட்டபோது யார் மறுத்தது, மறுநாள் காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டில் அவள் பெயருக்கு நேரே தோட்டக் கணக்கரான கிராணி என்ன எழுதினார்?