எஸ். நந்தகோபால்: உலோகச் சிற்பியின் கண்காட்சிகளும் தொழில் வழியும்

எஸ். நந்தகோபால் (1946–2017) தமிழ்நாட்டின் குறிப்பிடத்தக்க நவீன உலோகச் சிற்பிகளுள் ஒருவர். சென்னையை அடுத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வாழ்ந்து பணியாற்றியவர். சிற்பக்கலையை மட்டும் நம்பி வாழ முடியுமா என்று கேட்கும் மாணவர்களுக்கு இவரது வாழ்க்கை நல்ல சான்றாகும்.

பிறப்பும் கல்வியும்

நந்தகோபால் பெங்களூரில் பிறந்தார். தந்தை கே. சி. எஸ். பணிக்கர் புகழ்பெற்ற ஓவியர். சென்னை அரசு கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். நந்தகோபால் முதலில் லயோலா கல்லூரியில் இயற்பியல் பயின்றார். பின்னர் தந்தை பணியாற்றிய கலைக் கல்லூரியில் ஓவியம் கற்று 1971இல் பட்டயம் பெற்றார். ஓவியம் படித்தவர் சிற்பியானதால், அவருடைய சிற்பங்களில் கோடுகளுக்கு முதன்மையான இடம் உண்டு.

சோழமண்டலம்

கலைக் கல்லூரியில் படித்து முடித்த பலர் அக்காலத்தில் பிழைப்புக்காக வேறு வேலைகளுக்குச் சென்றனர். இந்நிலையை மாற்ற, பணிக்கரும் மாணவர்களும் ஒரு கைவினைச் சங்கம் அமைத்தனர். பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர். அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலத்தை உருவாக்கினர். கைவினைப் பொருள்கள் அன்றாடச் செலவுக்கு உதவின. மீதி நேரம் சொந்தப் படைப்புக்குக் கிடைத்தது. நந்தகோபால் இங்கேயே பட்டறை வைத்துக்கொண்டார். பிற்காலத்தில் கிராமத்தின் நிர்வாகப் பொறுப்பையும் ஏற்றார்.

சிற்ப முறை

கோயிலில் மூலவரை முன்னால் நின்றே வணங்குகிறோம். சிலைக்குச் சார்த்தும் உலோகக் கவசமும் முன்பக்கத்தை மட்டுமே காட்டும். இந்த 'முன்முகப்' பார்வையை நவீன சிற்பத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் பி. வி. ஜானகிராம் முன்னோடி. நந்தகோபால் அதைத் தம் வழியில் வளர்த்தார். தாமிரம், பித்தளைத் தகடுகளை வெட்டி, தட்டி, பற்றவைத்து உருவங்களை அமைத்தார். புராண உருவங்கள், பறவை, மரம் ஆகியவை அவற்றில் இடம்பெற்றன. நடுகல்லைக் கருவாகக் கொண்டும் சிற்பங்கள் செய்தார். புலிகுத்திக் கற்களை ஊர்ப்புறங்களில் கண்டு வளர்ந்த கொங்கு நாட்டு வாசகர்களுக்கு இவை அயலாகத் தோன்றா.

கண்காட்சிகளும் விருதுகளும்

மத்திய லலித் கலா அகாதெமியின் தேசிய விருது 1970இல் இவருக்குக் கிடைத்தது. அப்போது வயது 24; பட்டயப் படிப்புகூட முடியவில்லை. புதுதில்லியில் 1978இல் நடந்த நான்காம் இந்திய முவ்வாண்டுக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றார். பல நாட்டுக் கலைஞர்கள் பங்கேற்கும் கண்காட்சி அது.

சிற்பிக்குக் கண்காட்சி வெறும் காட்சி அன்று. உலோகம், எரிவாயு, கூலி, வண்டிச் சத்தம் என்று செலவு முன்னரே ஆகிவிடும். விற்பனை எப்போது என்று சொல்ல முடியாது. காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் படைப்பை நேரில் கண்ட பிறகே வாங்குகின்றனர். எனவே குழுக் கண்காட்சி, தேசியக் கண்காட்சி, தனிக் கண்காட்சி என்று படிப்படியாக ஏறுவதே பெரும்பாலோர் செல்லும் வழி.

இன்றைய வாய்ப்புகள்

சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் சிற்பம் பயிலலாம். மரபுச் சிற்பத்துக்கு மாமல்லபுரம் அரசு கல்லூரி உள்ளது. 18 முதல் 25 வயதுள்ள இளங்கலைஞர்களுக்கு மத்திய பண்பாட்டு அமைச்சகம் மாதம் 5,000 ரூபாய் வீதம் 2 ஆண்டுகளுக்கு உதவித்தொகை வழங்கும் திட்டம் உண்டு. 2012இல் தொடங்கிய கொச்சி முசிரிஸ் ஈராண்டுக் கண்காட்சி, மாணவர்களுக்கெனத் தனிப் பிரிவும் நடத்துகிறது.

கோவை மாணவர்களுக்கு மற்றொரு வசதியும் உண்டு. கணபதி, ஆவாரம்பாளையம் பகுதிகளின் வார்ப்படப் பட்டறைகளில் உலோகத்தை உருக்கவும் பற்றவைக்கவும் தெரிந்தவர்கள் பலர். திருமுருகன்பூண்டியில் கல் சிற்பிகள் இருக்கின்றனர். நந்தகோபால் கையாண்டதும் தகடும் பற்றவைப்பும்தான். கைத்தொழில் தெரிந்தவர்களிடம் பொருளின் இயல்பைக் கற்றுக்கொள்ளும் மாணவர், முதல் கண்காட்சிக்கு முன்பே பாதி வழி வந்துவிடுகிறார்.